காரைக்குடி செக்காலை ரோடு பக்கம் பேரில்லாத ஜெராக்ஸ் கடை: அஞ்சுக்கு நாலு

முதல்லயே சொல்லிர்றேன், இது ஒரு ஜெராக்ஸ் கடை ரிவ்யூ. ஜெராக்ஸ் கடைக்கு எவனாச்சும் இம்புட்டு நீளமா எழுதுவானான்னு கேக்காதீங்க, நானும் நாலு வரில முடிச்சிரலாம்னுதான் ஆரம்பிச்சேன்.

கடை செக்காலை ரோட்டுல இருந்து உள்ள போற ஒரு சந்துல இருக்கு. போர்டுல கடைப் பேரே கிடையாது, "ஜெராக்ஸ் டைப்பிங் லேமினேஷன் ஆன்லைன்"னு வரிசையா எழுதி ஓரத்துல ஒரு பிள்ளையார், அம்புட்டுத்தான். ஓனர் ஒரு செட்டியார், எழுபதைத் தாண்டியிருக்கும், கல்லாவுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டே இருப்பாரு, நீங்க வந்ததையும் பாக்க மாட்டாரு போனதையும் பாக்க மாட்டாரு, காசு குடுக்கும்போது மட்டும் கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை வரும். வேலை மொத்தமும் கம்ப்யூட்டர்ல உக்காந்திருக்குற ஒரு அண்ணன்தான். நான் ஸ்டார் குடுக்கிறது அவருக்குத்தான், கடைக்கு இல்ல.

நாங்க போனது எங்க அப்பத்தாவுக்கு பாஸ்போர்ட் எடுக்க. சித்தப்பா சிங்கப்பூர்ல இருக்காரு, அவரு பேத்திக்கு காதுகுத்து, அப்பத்தா வராம குத்த மாட்டேன்னுட்டாரு. அப்பத்தாவுக்கு 74. இதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்டுக்கிட்ட வேற ஒரு சென்டர்ல (பேரு வேணாம், பொழச்சுப் போகட்டும்) 500 ரூபா வாங்கிட்டு ஃபார்ம் போட்டாங்க, பிறந்த ஊருங்கிற இடத்துல காரைக்குடின்னு அடிச்சு விட்டுட்டாங்க, ஏன்னா ஆதார்ல அட்ரஸ் காரைக்குடி. நானும் கவனிக்கல. அப்பாயின்ட்மென்ட் அன்னைக்கு கவுன்டர்ல அந்தப் பொண்ணு சும்மா பேச்சுக்கு "பாட்டி சொந்த ஊரே இதானா"ன்னு கேக்க, எங்க அப்பத்தா பெருமையா, "இல்லத்தா, நான் பிறந்ததெல்லாம் பர்மா"ன்னுச்சு. முடிஞ்சுது. ஃபைல் அங்கேயே நின்னுருச்சு. அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல, பொய்யா எழுதியிருந்தா நிறுத்தத்தானே செய்வாங்க. ஆட்டோல வரும்போது அப்பத்தா என்கிட்ட, "உண்மையைத்தானடி சொன்னேன்"ன்னு மூஞ்சைத் தூக்கி வச்சுக்கிட்டுச்சு.

அப்புறம் எங்க தெருவுல ஒருத்தவங்க சொல்லித்தான் இந்தக் கடை. எங்க தெருன்னா பர்மா காலனி. செட்டிநாட்டுக்கு டூரிஸ்ட் வர்றவங்கல்லாம் பர்மா தேக்குத் தூணைத் தடவிப் பாத்து போட்டோ எடுத்துக்கிட்டுப் போவாங்க, அந்தத் தூண் வந்த ஊர்ல இருந்தே வந்த ஆளுங்க இங்க ஒரு காலனி நிறைய இருக்கோம், எங்களை யாரும் தடவிப் பாக்கிறதில்ல.

கடைக்குப் போனதும் அந்த அண்ணன் ஆதார் கேக்கல, ரேஷன் கார்டு கேக்கல. அப்பத்தாவைப் பாத்து கேட்ட முதல் கேள்வி, "எந்த வருஷம் வந்தீங்க, கப்பலா பிளேனா?" அப்பத்தா அப்படியே நிமிந்து உக்காந்துருச்சு. யாருமே அதுகிட்ட இதைக் கேட்டதில்ல. "கப்பலுப்பா, 65ல"ன்னுச்சு. "அப்ப ரங்கூன்ல நம்ம தூதரகத்துல ஒரு பேப்பர் குடுத்திருப்பாங்களே, குடும்பத்தோட போட்டோ ஒட்டி, அது இருக்கா?"ன்னாரு. இருந்துச்சு. டிரங்குப் பெட்டியில அடியில, கல்யாணப் புடவைக்குக் கீழ.

அந்தப் பேப்பரைப் பத்தி சொல்லணும். மடிப்பு மடிப்பா நாலா பிஞ்சு, யாரோ செலோடேப் போட்டு ஒட்டி, அந்த டேப்பும் மஞ்சளா காஞ்சு உதிருது. போட்டோல பூட்டன், பூட்டி (அப்பத்தாவோட அப்பா அம்மா), அஞ்சு பிள்ளைங்க, அதுல ரெட்டைச் சடை போட்டு முறைச்சுக்கிட்டு நிக்கிறது அப்பத்தா. முத்திரை பாதி போட்டோ மேலயும் பாதி பேப்பர் மேலயும். அந்த அண்ணன் அதை ஜெராக்ஸ் மெஷின் ஃபீடர்ல விடவே இல்ல. ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள மெதுவா நுழைச்சு, கண்ணாடி மேல வச்சு, மூடியை மூடாம மேல ஒரு கறுப்புத் துணியைப் போட்டு எடுத்தாரு. மூடி வெயிட்டுல மடிப்பு உடைஞ்சிரும்னாரு. ரெண்டு காப்பி, ஒரு ஸ்கேன், அதை என் மெயிலுக்கும் அனுப்பிட்டு, "ஒரிஜினலை இனிமே மடிக்காதீங்க, கவரோடயே வைங்க"ன்னு அந்தக் கவரையும் குடுத்துட்டாரு. கவருக்குக் காசு வாங்கல. நான் போன கடையெல்லாம் பேப்பரை இட்லித் துணி மாதிரி உதறித்தான் மெஷின்ல போடுவாங்க, அதான் இதை இவ்வளவு சொல்றேன்.

பாஸ்போர்ட் ஃபார்ம்ல ஒரு கட்டம் உண்டு, இந்தியக் குடியுரிமை எது வழியான்னு கேக்கும்: பிறப்பா, வம்சாவளியா, பதிவு பண்ணி வாங்கினதா. நாமெல்லாம் கண்ணை மூடிக்கிட்டு பிறப்புன்னு அடிச்சிருவோம். அவரு அந்த இடத்துல வந்ததும் மவுசை விட்டு கையை எடுத்துட்டாரு. அப்பத்தா பிறந்தது பெகுவுல 1951, ஆனா அவங்கப்பா தேவகோட்டைப் பக்கம் பிறந்து சமையல் வேலைக்கு பர்மா போனவரு. 1950 ஜனவரி 26க்கு அப்புறம் வெளிநாட்டுல பிறந்து, அப்பா இந்தியக் குடிமகனா இருந்தா, 1955 சட்டப்படி அது வம்சாவளி. அதைப் பொறுமையா எனக்கு விளக்கிட்டு, அப்புறந்தான் டிக் அடிச்சாரு. உங்க வீட்டு கேஸ் வேற மாதிரி இருக்கலாம், என் ரிவ்யூவைப் படிச்சுட்டு நீங்களா வம்சாவளின்னு அடிச்சு விட்டுறாதீங்க, அவருகிட்ட கேளுங்க.

இப்ப அப்பத்தா கதையைச் சுருக்கமா சொல்லிர்றேன், இல்லன்னா இனிமே வர்றது புரியாது. பூட்டன் போனது ஒரு செட்டியார் கிட்டங்கிக்கு, அதாவது அவங்க அங்க வட்டிக்கடை நடத்துன இடத்துக்கு. 1930கள்ல உலகம் பூரா வியாபாரம் படுத்தப்ப கடனைக் கட்ட முடியாத பர்மாக்காரங்க நிலமெல்லாம் வட்டிக்கடைக்கு வந்து, கீழ் பர்மாவுல நெல் விளையிற நிலத்துல கிட்டத்தட்ட கால்வாசி செட்டியார்கள் கைக்குப் போயிருச்சு. அந்த ஊர்க்காரனுக்குக் கோவம் வராம இருக்குமா, அதையும் சொல்லணும்ல. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப லட்சக்கணக்குல நம்மாளுங்க காட்டு வழியா நடந்தே வந்தாங்க, வழியிலயே செத்தவங்க எத்தனையோ ஆயிரம். பூட்டன் அப்ப நடந்து வந்துட்டு, சண்டை முடிஞ்சதும் திரும்பப் போனாரு பாருங்க, அந்த ஆளு தைரியம் எனக்கு இன்னைக்கும் புரியல. பெகுவுல சின்னதா ஒரு பலசரக்குக் கடை போட்டாரு. 1962ல ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடிச்சு, 1964 மார்ச்ல கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, மே மாசம் 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. கடையும் போச்சு, பெட்டியில இருந்த நோட்டும் போச்சு. கப்பல் ஏறும்போது பூட்டி மூக்குத்தியையும் கழட்டி வாங்கிட்டாங்கன்னு அப்பத்தா சொல்லும்போது இப்பவும் தன் மூக்கைத் தொட்டுப் பாக்கும்.

ஃபார்ம் டைப் பண்ணிக்கிட்டே அந்த அண்ணன் சொன்னாரு, "அம்மம்மா, ஒண்ணு தெரியுமா, சட்டப்படி நீங்க அகதியே இல்ல."

அம்மம்மாவா? எங்க பக்கம் அப்பத்தா, ஆயா, அம்மாச்சின்னுதான் கூப்பிடுவோம், அம்மம்மான்னு யாரும் சொல்ல மாட்டோம். அப்பதான் எனக்குத் தட்டுச்சு. அதுக்கு முன்னாடி ஒரு போன் வந்தப்ப "ஓமம்மா, வந்திருவன்"னாரு, அதை நான் சரியா காதுல வாங்கல. சிவகங்கை மாவட்டத்துல இருக்குற ஒரு இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து வர்றவரு. எந்த முகாம்னு எழுத மாட்டேன்.

அப்பத்தாவுக்கு அம்மம்மாவெல்லாம் காதுல விழல, அகதி இல்லங்கிறது மட்டுந்தான் விழுந்துச்சு. "யாருப்பா சொன்னது? பள்ளிக்கூடத்துல என்னைய பேரு சொல்லியா கூப்பிட்டாக? அகதிப்புள்ளைன்னுதானே கூப்பிட்டாக. கல்யாணம் பேச வந்தவுக அகதி வீட்டுல பொண்ணெடுக்கவான்னு எந்திரிச்சுப் போனாகளே, இப்ப வந்து இல்லங்கிற"ன்னு சண்டைக்கே போயிருச்சு.

அவரு சிரிச்சுக்கிட்டே விளக்குனாரு. அகதின்னா, சொந்த நாட்டை விட்டு வெளிய இருக்கணும்; இனம், மதம், நாட்டுரிமை, ஏதாவது ஒரு சமூகக் குழுவுல இருக்குறது, அரசியல் கருத்து, இந்த அஞ்சுல ஒண்ணுக்காக அங்க கொடுமை நடக்கும்னு பயப்படக் காரணம் இருக்கணும்; சொந்த நாட்டுப் பாதுகாப்பைக் கேக்க முடியாம, இல்ல அந்தப் பயத்துல கேக்க மனசில்லாம இருக்கணும். இது 1951 ஜூலை 28ல ஜெனிவாவுல போட்ட ஒப்பந்தத்துல இருக்கு. அப்பத்தா வந்தது அதோட சொந்த நாட்டுக்கே, இந்திய அரசாங்கமே பேப்பர் போட்டுக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. கவர்ன்மென்ட் பாஷையில "தாயகம் திரும்பியோர்". கடன் குடுத்தாங்க, வீட்டு மனை குடுத்தாங்க, ரெப்கோ வங்கின்னு 1969ல ஒரு பேங்கே இவங்களுக்காக ஆரம்பிச்சாங்க. இத்தனை வருஷமா அந்தப் பேங்க் போர்டைப் பாத்துக்கிட்டுத்தான் போறேன், ரெப்கோல இருக்குற "ரெப்" ரீபாட்ரியேட்ஸ்ங்கிறது, அதாவது எங்க அப்பத்தாதான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும்.

"நீங்களும் அந்த ஒப்பந்தமும் ஒரே வயசு அம்மம்மா"ன்னாரு. "நான் ஆடியில பிறந்தவ"ன்னுச்சு அப்பத்தா. ஜூலை 28ம் ஆடிதான்.

"அப்ப நீ யாருப்பா, நீதான் அகதியா?"ன்னு அப்பத்தா திருப்பிக் கேட்டுச்சு, அதுக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. அவரு ஒரு நிமிஷம் பேசல. அப்புறம், "உலகத்துல அகதின்னு எழுதி வச்சிருக்குறது எங்கம்மா அப்பா மாதிரி ஆளுங்களத்தான். ஆனா இந்தியச் சட்டத்துல அந்த வார்த்தையே கிடையாது அம்மம்மா, நான் ஃபாரினர்"ன்னாரு. அப்பத்தா என்னைப் பாத்துச்சு. அதுக்குத் தெரிஞ்ச ஃபாரினர்னா ஆத்தங்குடி டைல்ஸ் பாக்க தொப்பி போட்டுக்கிட்டு வர்ற வெள்ளைக்காரங்கதான்.

விஷயம் என்னன்னா, இந்தியா அந்த 1951 ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடல, 1967ல அதோட சேத்து வந்த கூடுதல் ஒப்பந்தத்துலயும் போடல. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் யாருமே போடல. 1951ல போட்டது முதல்ல 1951 ஜனவரிக்கு முன்னாடி நடந்த சம்பவங்களுக்கு மட்டுந்தான், வேணுங்கிற நாடு ஐரோப்பாவுக்கு மட்டும்னுகூட சுருக்கிக்கலாம், 67லதான் தேதிக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அதனால இங்க அகதிக்குன்னு தனிச் சட்டம் இல்ல, இருந்தது 1946ல வெள்ளைக்காரன் போட்ட வெளிநாட்டவர் சட்டம், அது போயி 2025 செப்டம்பர் 1ல இருந்து புதுசா குடிவரவு மற்றும் வெளிநாட்டவர் சட்டம். அவரு டேபிள் கண்ணாடிக்கு அடியில மூணு பேப்பர் இருக்கு: ரேட் லிஸ்ட்டு, ஒரு பொண்ணு குழந்தை போட்டோ, அப்புறம் அந்தச் சட்டத்தோட வந்த விலக்கு உத்தரவு பிரின்ட் அவுட், ஒரு வரில மஞ்சள் மார்க்கர். 2015 ஜனவரி 9க்கு முன்னாடி வந்து பதிவு பண்ணியிருக்குற இலங்கைத் தமிழருக்கு பாஸ்போர்ட் விசா இல்லாததுக்காகத் தண்டனை கிடையாதுன்னு சொல்லுது. குடியுரிமை குடுக்கிறேன்னு சொல்லல, ஜெயில்ல போட மாட்டேன்னு சொல்லுது. அதையே லேமினேட் பண்ணி வச்சிருக்காங்க சில பேருன்னாரு. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இவங்களுக்கு உதவாது, அதுல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மட்டுந்தான்.

சரி, நீங்க இங்க பிறந்தவர்தானே அண்ணே, பிறப்புன்னு அந்தக் கட்டத்துல அடிக்க முடியாதான்னு நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோன்னு அப்புறம் தோணுச்சு. அவங்கம்மா அப்பா 1985ல மன்னார்ல இருந்து படகுல ராமேஸ்வரம் வந்தவங்க. அக்கா பிறந்தது 1986. இவரு 1989. இந்தியாவுல 1987 ஜூலை 1க்கு முன்னாடி பிறந்தவங்க, அம்மா அப்பா யாரா இருந்தாலும் பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். அந்தத் தேதிக்கு அப்புறம்னா அம்மாவோ அப்பாவோ ஒருத்தராவது இந்தியரா இருக்கணும், 2004 டிசம்பர்ல இருந்து அதைவிட இறுக்கிட்டாங்க. 1986ல மண்டபம் முகாம்ல பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் குடுக்கணும்னு 2022ல ஐகோர்ட் மதுரைக் கிளை தீர்ப்பு சொல்லி, 2024 எம்பி எலெக்‌ஷன்ல அவங்க ஓட்டே போட்டாங்க. அந்தத் தீர்ப்பை வச்சு இவரு அக்காவுக்கு ஃபார்ம் இவரே போட்டிருக்காரு. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே பத்துக்குப் பத்து ரூம்ல வளந்தவங்க, அக்காவுக்கு பிறப்புங்கிற கட்டம், தம்பிக்கு கட்டமே கிடையாது. "அக்கா என்னை ஃபாரினர்னு கூப்பிட்டுத்தான் இப்ப கிண்டல் பண்றா"ன்னாரு. எம்சிஏ படிச்சிருக்காரு. கவர்ன்மென்ட் பரீட்சை எழுத முடியாது.

இதெல்லாம் ஜெராக்ஸ் கடை ரிவ்யூல எதுக்குன்னா, இந்த ஆளுக்கு ஒரு ஃபார்ம்ல ஒரு கட்டம் தப்பாப் போனா என்ன ஆகும்னு உடம்புல தெரியும், அதான் அந்த வேலைல அப்படி ஒரு சுத்தம். நமக்கு அது வெறும் டிக்.

ரெண்டாவது தடவை போனப்ப கூட்டம், ஒரு மணி நேரம் நின்னேன், ஆனா நின்னது வீண் போகல. எனக்கு முன்னாடி ஒரு வயசான அம்மா, அவங்களும் முகாம்தான், ஆனா இலங்கை மலையகம், தேயிலைத் தோட்டம். அவங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கம் இருந்து போனவரு. 1948ல சிலோன் குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஜனங்களை எந்த நாட்டுக்கும் இல்லாம பண்ணிருச்சு, 1964 அக்டோபர்ல சிரிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் அங்கேயேன்னு ஆளுங்களைப் பங்கு போட்டாங்க, மிச்சம் ஒண்ணரை லட்சத்தை 74ல பாதிப் பாதியாப் பிரிச்சாங்க. மாட்டுச் சந்தையில கூட மாட்டோட பல்லைப் பாப்பாங்க, இங்க யாரையும் எங்க போறேன்னு ஒழுங்கா கேக்கக்கூட இல்லன்னு அந்த அம்மா சொன்னாங்க. அவங்க வீட்டுல இந்தியாவுக்குன்னு விண்ணப்பிச்சிருந்தாங்களாம், கலவரம், 1984ல தலைமன்னார்ல இருந்து ராமேஸ்வரம் வர்ற கப்பல் நின்னுபோச்சு, அப்புறம் உசுரு தப்பிக்க படகுல வந்து சேந்தாங்க. கப்பல்ல வந்திருந்தா எங்க அப்பத்தா மாதிரி தாயகம் திரும்பியோர், மனை, கடன். படகுல வந்ததால முகாம். அந்தப் பழைய விண்ணப்ப நம்பரைத் தேடித்தான் அவங்க வந்திருந்தாங்க, அண்ணன் ஒரு மனு டைப் பண்ணிக் குடுத்தாரு, அதுக்கு வாங்கினது 20 ரூபா.

அன்னைக்கே ஒரு பையன் வந்தான், இருபத்திரெண்டு இருபத்திமூணு வயசு, உள்ளூர்தான். அண்ணே லண்டன் அசைலத்துக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ண முடியுமா, ஏஜென்ட் 8 லட்சம் கேக்குறான், நீங்க போட்டுக் குடுத்தா கம்மியா முடியும்லன்னு. வேற கடையா இருந்தா ரெண்டாயிரம் வாங்கிட்டு எதையாவது டைப் பண்ணி அனுப்பியிருப்பான். இவரு ஸ்டூலைக் காட்டி உக்காரச் சொல்லிட்டு, தம்பி, அசைலம் விசான்னு ஒண்ணு பிரிட்டன்ல கிடையாது, பிரிட்டன்ல தஞ்சம் கேக்கணும்னா பிரிட்டன் மண்ணுல நின்னுதான் கேக்கணும், ஆனா அங்க போயி நிக்கிறதுக்கு விசா குடுக்க மாட்டான், விசா இல்லாதவனை ஏத்துனா பிளேன் கம்பெனிக்கு ஃபைன், அதனாலதான் சனம் படகுல போகுது, கதவைப் பூட்டி வச்சுட்டு வாசல் வழியா வந்தியான்னு கேக்குற மாதிரின்னாரு. உயிருக்குப் பயந்து நேரா ஓடி வந்தவன் திருட்டுத்தனமா நுழைஞ்சான்னு தண்டிக்காதேன்னு அந்த ஜெனிவா ஒப்பந்தம் 31வது பிரிவுலயே இருக்கு, 33வது பிரிவுல உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்து இருக்குற இடத்துக்குத் திருப்பி அனுப்பாதேன்னு இருக்கு, கையெழுத்துப் போட்ட நாடுகளே இப்ப சந்து பொந்து தேடுது. படகுல வந்தவங்களை ருவாண்டாவுக்கு அனுப்புறேன்னு 2022ல பிரிட்டன் சொன்னதையும், அது சட்டப்படி செல்லாதுன்னு 2023 நவம்பர்ல அவங்க சுப்ரீம் கோர்ட்டே சொன்னதையும், 2024ல புது அரசாங்கம் வந்து கைவிட்டதையும் கதையா சொன்னாரு.

பையன் அசரல. கனடான்னான். அப்ப இவரு டீகோ கார்சியா கதையை எடுத்தாரு. 2021 அக்டோபர்ல இந்தியாவுல இருந்து கனடாவுக்குன்னு கிளம்பின ஒரு மீன்பிடிப் படகு, உள்ள ஈழத்தமிழர்கள், நடு இந்தியப் பெருங்கடல்ல ஓட்டையாகி, அமெரிக்கப் படைத்தளம் இருக்குற பிரிட்டிஷ் தீவுல கரையேத்தினாங்க. அங்க கூடாரத்துல மூணு வருஷம். எலியோட. 2024 டிசம்பர்லதான் பெரும்பாலானவங்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனாங்க, அடைச்சு வச்சதே சட்டவிரோதம்னு அந்தத் தீவுக் கோர்ட்டே தீர்ப்பு சொல்லுச்சு. "உனக்கு இங்க யாரு என்ன பண்ணான், எதுக்கு அசைலம்?"னு கடைசியா கேட்டாரு. பையன், வேலை இல்லண்ணேன்னான். "அதுக்கு வேற ஃபார்ம் இருக்கு, வா, சிங்கப்பூர் வொர்க் பெர்மிட் என்னன்னு பாப்போம்"னு அவனுக்கு ரெஸ்யூம் டைப் பண்ண ஆரம்பிச்சிட்டாரு. என் ஃபார்ம் பின்னாடி தள்ளிப் போச்சு, கோவம் வந்துச்சுதான், ஆனா பாத்துக்கிட்டே இருந்தேன்.

செட்டியார் ஒரே ஒரு தடவைதான் பேப்பரை மடக்கி வச்சுப் பேசுனாரு. 2025 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டுல ஒரு இலங்கைத் தமிழர் கேஸ், அவரு யுஏபிஏங்கிற சட்டவிரோத நடவடிக்கைத் தடுப்புச் சட்டத்துல தண்டனை பெற்றவரு, தண்டனை முடிஞ்சு நாடு கடத்தாதீங்கன்னு கேட்டாரு, உலகம் பூரா இருந்து வர்றவங்களை வச்சுக்க இந்தியா என்ன தர்மசாலையான்னு ஜட்ஜ் கேட்டாருல்ல, அந்தப் பேச்சு வந்துச்சு. செட்டியார் சொன்னாரு, "தர்மசாலைன்னா சத்திரந்தான? காசில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் நாங்க கட்டாத சத்திரமா. சத்திரம்னா சும்மா திறந்து கிடக்குதுன்னு நினைக்கிறாங்க. எங்க சத்திரத்துல எந்த ஊரு, எந்தக் கோயில், யாரு வீட்டுப் பிள்ளைன்னு எல்லாம் கேட்டு நோட்டுல எழுதிட்டுத்தான் ரூம் குடுப்போம். கேக்கிறதுக்கு ஒரு முறை இருக்கணும்ல." நகரத்தார் சத்திரத்துல எல்லாருக்கும் இடம் உண்டான்னு நான் கேக்க வாயெடுத்தேன், அப்பத்தா காலை மிதிச்சிருச்சு. ஆனா அவரு சொன்னதுல விஷயம் இருக்கு. இங்க கேக்கிற முறையே சட்டத்துல இல்ல. டெல்லில ஆப்கன்காரங்க, மியான்மர்காரங்கன்னா ஐநா அகதிகள் ஆணையம் விசாரிச்சு அட்டை குடுக்குது, அந்த அட்டைக்கு அரசாங்கம் எம்புட்டு மதிப்புக் குடுக்கும்ங்கிறது அந்தந்த நேரத்தைப் பொறுத்தது. ஈழத்தமிழர்னா அரசாங்கமே பதிவு பண்ணிக்குது. 1983ல இருந்து 3 லட்சத்துக்கு மேல வந்தாங்க, 2021 கணக்குல 108 முகாம்ல 58 ஆயிரம் பேர் சொச்சம், வெளிய போலீஸ் பதிவுல 34 ஆயிரம். அந்த வருஷந்தான் அகதிகள் முகாம்ங்கிற பேரை மறுவாழ்வு முகாம்னு மாத்தி, புது வீடு கட்டவும் பணம் ஒதுக்கினாங்க. பேரு மாத்தினது எப்படிண்ணே இருக்குன்னு கேட்டதுக்கு அவரு, வீடு நல்லாருக்கு, முன்னாடி மழை பெஞ்சா சர்டிஃபிகேட்டையெல்லாம் அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடுவோம்னாரு. பேரைப் பத்தி ஒண்ணும் சொல்லல.

இப்ப குறை. உக்கார ஒரே ஒரு ஸ்டூல். ஃபேன் அவரு தலைக்கு மேல மட்டும். கலர் பிரின்ட் கேக்காதீங்க, எல்லா முகமும் மஞ்சக்காமாலை மாதிரி வருது. சாயங்காலம் அஞ்சுக்கு மேல போனா செட்டியார் மட்டும் இருப்பாரு, அவரு ஜெராக்ஸ் எடுத்தா பாதிப் பக்கந்தான் வரும், அதுவும் சாஞ்சு. முகாம்ல செக்கிங் இருக்குற நாள்ல அண்ணன் வரவே மாட்டாரு, அது எந்த நாள்னு முன்கூட்டி அவருக்கே தெரியாது, அதனால கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டுப் போங்க. போன் செட்டியார் எடுப்பாரு, "இருக்கான்" "இல்ல" ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டு வச்சிருவாரு.

ரேட்டு: ஜெராக்ஸ் பக்கம் 2 ரூபா, லேமினேஷன் 30, பாஸ்போர்ட் ஃபார்ம் 150, கவர்ன்மென்ட் ஃபீஸ் தனி. சந்துல கார் நுழையாது.

பாஸ்போர்ட் வந்துருச்சு, போலீஸ் வெரிஃபிகேஷன் முடிஞ்சு மூணு வாரத்துல. பிறந்த இடம் பெகு, மியான்மர்னு அச்சாகி வந்திருக்கு. அப்பத்தா எழுத்துக் கூட்டிப் படிச்சுப் பாத்துட்டு, பர்மான்னு போடலையேன்னு ஒரே புலம்பல், அதுக்கும் அந்த அண்ணன்கிட்டயே போயி கேட்டுட்டு வான்னுச்சு. நானும் போனேன், ஒரு டப்பாவுல சீப்புச் சீடையும் குடுத்து விட்டுச்சு. ரிவ்யூ எழுதப் போறேன், பேரு போடவாண்ணேன்னு கேட்டேன். வேணாம்மா, கடை எங்க இருக்குன்னு மட்டும் எழுதுங்கன்னாரு.

ஒரு ஸ்டார் கொறச்சது யுபிஐ இல்லாததுக்கு. கல்லாவுல ஒட்டியிருக்குற ஸ்கேனர் செட்டியார் மகன் நம்பருக்கு, அவரு சென்னைல இருக்காரு, பணம் போனதான்னு இங்க யாருக்கும் தெரியாது, போன் போட்டுக் கேட்டு அவரு எடுக்குற வரைக்கும் நிக்கணும். சில்லறையா எடுத்துக்கிட்டுப் போங்க.